ரோலர் கேம் மாட்டப் போகிறீர்களா? மோலி பேஸ்ட்டைத் தள்ளி வையுங்கள்

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் "அண்ணாச்சி, புது கேம் மாட்டணும், தடவ என்ன இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டால் கறுப்பு மோலி பேஸ்ட் (மாலிப்டினம் கலந்த வழுக்குப் பசை) கைக்கு வர வாய்ப்பு அதிகம். பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின் ராயல் என்ஃபீல்டு புல்லட்டுக்கு அது சரியான பொருள்தான். ஆனால் 2009-ல் வந்த கிளாசிக் 350 மாதிரியான யுசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும்) எஞ்சினுக்கு அது வேண்டாம், நல்ல எஞ்சின் ஆயிலே போதும்.

காரணம் டேப்பட்டில், அதாவது வால்வைத் திறக்க கேம் தள்ளுகிற சின்ன உருளையில் இருக்கிறது. பழைய எஞ்சினில் டேப்பட்டின் அடி தட்டையாக இருக்கும், கேம் லோப் (கேமின் புடைத்த மேடு) அதன்மேல் தேய்த்துக்கொண்டே போகும். புது லோப்பும் புது டேப்பட்டும் ஒன்றோடொன்று பழகும்வரை அந்த இடத்தில் அழுத்தம் பயங்கரமாக இருக்கும், ஆயில் படலம் பிதுங்கி வெளியேறினாலும் ஒட்டிக்கொண்டு காப்பாற்ற மோலியும், ஆயிலில் துத்தநாகச் சேர்க்கையும் அங்கே தேவை. யூடியூபில் அமெரிக்க வி8 எஞ்சின்காரர்கள் கேம் முழுக்கப் பேஸ்ட்டைப் பூசி, ஸ்டார்ட் செய்ததும் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் 20 நிமிடம் விடாமல் ஓட்டுகிறார்களே, அதுவும் தட்டை டேப்பட்டுக்கான முறைதான்.

யுசிஇ-யில் இருப்பது ரோலர் டேப்பட். அதன் அடியில் ஒரு சின்னச் சக்கரம், அதற்குள் ஊசி பேரிங். இங்கே தேய்ப்பு கிடையாது, உருளல்தான். உருள வேண்டிய சக்கரத்துக்குக் கொஞ்சம் பிடிமானம் வேண்டும். லோப்பில் மோலியை அப்பினால் சக்கரம் உருளாமல் வழுக்கிக்கொண்டு போகலாம். கெட்டியான பேஸ்ட் ஊசி பேரிங்குக்குள் ஆயில் போகும் வழியையும் அடைக்கும்.

பைக்கில் இன்னொரு சிக்கல் உண்டு, இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. யுசிஇ-யில் எஞ்சின், கியர், கிளட்ச் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில். லோப்பில் தடவிய மோலி கரைந்து கிளட்ச் பிளேட்டுக்குப் போனால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம். பழைய புல்லட்டில் கிளட்ச் பக்கம் ஆயில் தனி என்பதால் இந்தப் பயம் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் உங்கள் டேப்பட் எந்த வகை என்று கண்ணால் பாருங்கள். அடியில் சக்கரம் இருந்தால் தொடர்ந்து படியுங்கள், தட்டை என்றால் பேஸ்ட்டையே பயன்படுத்துங்கள். புதிய ஜே வகை எஞ்சினில் கேம் மேலே ஹெட்டில் இருக்கிறது, புஷ் ராடே (டேப்பட்டின் அசைவை மேலே கொண்டுபோகும் கம்பி) கிடையாது, அதனால் இந்தப் படிகள் அதற்கு அப்படியே பொருந்தாது.

அடுத்து ஆயில். 15W-50, லேபிளில் ஜாசோ எம்ஏ2 (கிளட்ச் ஆயிலில் நனையும் பைக்குகளுக்கான தரக் குறி) என்று இருக்க வேண்டும். எம்பி என்று போட்டது ஸ்கூட்டருக்கானது, அதைத் தொடாதீர்கள். எஞ்சினில் ஊற்றப்போகும் அதே ஆயிலையே தடவவும் பயன்படுத்துங்கள்.

புது கேமில் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, நூல் விடாத துணியால் துடையுங்கள். இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: ஆடி மாதம் வள்ளியூர், பணகுடி பக்கம் அடிக்கிற காற்றில் திறந்த வாசலில் எஞ்சினைப் பிரிப்பது ஆபத்து, ஆயில் தடவிய லோப்பில் மணல் ஒட்டினால் அது உப்புக் காகிதம் மாதிரி தேய்த்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள், தடவிய பாகத்தை வெறுமனே வைக்காதீர்கள்.

டேப்பட்டை ஆயில் உள்ள டம்ளரில் நிமிர்த்தி ஓர் இரவு ஊற விடுங்கள். எடுத்ததும் சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள், எங்கேயும் சிக்காமல் சுற்ற வேண்டும். ஹைட்ராலிக் டேப்பட்டை உள்ளே அழுத்திப் பம்ப் பண்ண வேண்டாம், எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தத்தில் அதுவே நிரம்பிக்கொள்ளும்.

அப்புறம் லோப், கேம் சுழலும் ஸ்பிண்டில், கியர் பல் எல்லாவற்றிலும் ஆயிலைத் தாராளமாகத் தடவி, டைமிங் குறிகளைச் சேர்த்து மாட்டுங்கள். புஷ் ராட் இரண்டு நுனியிலும் ராக்கர் (வால்வை அழுத்தும் கை) தொடும் இடத்திலும் ஆயில் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும், அங்கே மட்டும் ஆயிலில் கரையக்கூடிய அசெம்பிளி லூப் (மாட்டும்போது தடவும் மசகு) ஒரு பொட்டு வைக்கலாம். கிரீஸ் எங்கேயும் வேண்டாம்.

மூடியதும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். இக்னிஷனை ஆஃப் செய்து, ப்ளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாகப் பல தடவை மிதியுங்கள், ஆயில் மேலே ஏறட்டும். ஸ்டார்ட் ஆனதும் டேப்பட் கொஞ்ச நேரம் டக் டக் என்று சத்தம் போடும், காற்று வெளியேறியதும் அடங்கிவிடும். அடங்காமல் தொடர்ந்தால் நிறுத்திவிட்டுப் பாருங்கள். ரோலருக்கு அந்த 20 நிமிடச் சடங்கு தேவையில்லை, வழக்கம்போல மெதுவாக ஓட்டலாம்.

முதல் 500 கிலோமீட்டருக்குள் ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள். வடித்த ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டு எடுங்கள். மாவு போல நுண்ணிய கறுப்புப் படிவு ஒட்டினால் கவலையில்லை, ஊசி மாதிரித் துண்டோ சில்லோ ஒட்டினால் வண்டியை அதற்குமேல் ஓட்டாமல் டைமிங் கவரைத் திரும்பக் கழற்றுங்கள்.