வன்னியில் தொழிலில் பெயர் எடுப்பது: எங்கெங்கே பிசகுகிறது?

வன்னியில் ஒருவரைப் பற்றி விசாரிக்க, வேலை தேடுபவர்கள் தங்கள் விபரம் போடும் லிங்க்ட்இன் தளம் தேவையில்லை. பரந்தனில் ஒரு தேநீர்க் கடையில் பெயரைச் சொன்னால் போதும். "ஆற்ற பிள்ளை?" என்று தொடங்கி, எங்கே படித்தது, எங்கே வேலை செய்தது, ஏன் விட்டது என்பதுவரை வந்துவிடும். பெர்சனல் பிராண்ட், அதாவது தொழிலில் தன் பெயரை வளர்ப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை, ஒருவரை ஒருவர் அறியாத பெருநகரங்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்தால் உதைக்கும். கனடாவில் இருந்துகொண்டு மல்லாவியில் வீடு கட்ட ஆள் தேடுபவர், உங்கள் பேஸ்புக் பக்கத்தைப் பார்த்த கையோடு ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கோல் எடுப்பார். பக்கத்தில் இருப்பதும் சித்தப்பா சொல்வதும் பொருந்தவில்லை என்றால் கதை முடிந்தது.

ஆகவே முதல் தவறு, ஊருக்கு ஒரு ஆளாகவும் திரைக்கு ஒரு ஆளாகவும் இருப்பது. கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் இரண்டு வருடம் தளத்தில் நின்று வேலை பார்த்த பையன், லிங்க்ட்இனில் 'ப்ரொஜெக்ட் மனேஜர்' என்று போடுகிறான். அவன் உண்மையில் செய்தது என்ன? கம்பி கட்டியதைச் சரிபார்த்தான், கொங்கிறீற் போடும் நாளில் கலவையில் தண்ணீர் கூடாமல் பார்த்தான், சீமெந்துப் பைகளுக்குக் கணக்கு வைத்தான். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிக் கட்டுபவருக்கு வேண்டியது இந்த ஆள்தான். மனேஜர் என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தத் திறமை ஒளிந்துகொண்டுவிட்டது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, எனக்கு அதுதான் கூடுதலாக வருத்தம் தருகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்களில் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர், பெண்களும் அதில் நிறைய. அலுவலக வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வருடங்களைச் 'சும்மா கூலி வேலை' என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். குறித்த பாதையை விட்டு விலகாமல், எழுதிவைத்த ஒழுங்கின்படி, வெயிலில் மணிக்கணக்கில் நிதானமாக வேலை செய்வது, குழுவின் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருப்பது, அன்றன்று செய்ததைப் பதிவது. கட்டடத் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் பாதுகாப்பு அலுவலராகப் போக இதைவிட நல்ல பின்னணி கொழும்பில் படித்தவனுக்குக் கிடைக்காது. அதை மேலே எழுதுங்கள்.

படிப்பில் விழுந்த இடைவெளியும் அப்படித்தான். 2008, 2009 இடப்பெயர்வில் பள்ளிக்கூடம் குலைந்து, வவுனியாவின் மெனிக் பாம் முகாமில் இருந்து படித்து, ஏ.எல். பிந்தி எடுத்தவர்கள் அந்த வருடங்களுக்குப் பொய்யாக ஒரு கோர்ஸ் போட்டு நிரப்ப வேண்டியதில்லை. 'போர், இடப்பெயர்வு காரணமாகக் கல்வி தடைப்பட்டது' என்று ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரியையே தொழிலாக்கிக்கொள்வது வேறு. ஒவ்வொரு பதிவிலும் பங்கர், முகாம், கண்ணீர் என்று எழுதினால் விருப்பக்குறி குவியும், வாழ்த்தும் வரும், வேலை வராது. பதிவை வாசித்தவர்களுக்கு உங்கள் துயரம் நினைவில் நிற்கும். நீங்கள் கணக்காளர் என்பது நிற்காது.

சரி, அடுத்தது. 'எல்லாம் செய்வோம்'. கணினி திருத்தம், வீட்டு வரைபடம், கல்யாண வீடியோ, ஆங்கில வகுப்பு எல்லாம் ஒரே பதாகையில். சின்னச் சந்தை, நாலு வேலை செய்தால்தான் அடுப்பெரியும் என்பது விளங்குகிறது. செய்யுங்கள். ஆனால் உங்கள் பெயரைக் கேட்டதும் ஆட்கள் எதை நினைக்க வேண்டும் என்பதில் ஒன்றைத் தெரிவுசெய்து அதை முன்னால் வையுங்கள். லிங்க்ட்இனில் பெயருக்குக் கீழே வரும் வரிக்கு 220 எழுத்துகள்தான் இடம். அதில் ஏழு தொழிலை அடைத்தால் ஒன்றும் ஒட்டாது.

எடுத்துக்காட்டாக, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர் விவசாய பீடத்தில் படித்து வெளியேறிய ஒருவரை நினையுங்கள். 'விவசாய நிபுணர்' என்று போட்டால் கமக்காரன் சிரிப்பான்; அவனுக்கு முப்பது வருட அனுபவம். அதே பிள்ளை, இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக நெல் செய்பவர்களின் வட்ஸ்அப் குழுவில், நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் தத்திப் பூச்சி வரக்கூடிய நேரம் பார்த்து ஒரு நிமிடக் குரல் பதிவு போடட்டும். மேலே நின்று பார்த்தால் தெரியாது, பயிரின் அடியைப் பிரித்துப் பாருங்கள், யூரியாவை அள்ளிப் போட்ட வயலை முதலில் பாருங்கள் என்று. அடுத்த போகத்தில் 'அந்தத் தத்திப் பிள்ளையைக் கேட்பம்' என்பார்கள். பட்டப்பெயர் கொஞ்சம் அசிங்கம்தான், ஆனால் அதுதான் பிராண்ட்.

சான்றிதழ் குவிப்பது பற்றிச் சுருக்கமாக. ஒன்லைன் கருத்தரங்குக்குத் தந்த சான்றிதழ்கள் இருபதைப் படமெடுத்துப் போடுவதைவிட, உங்களிடம் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) இருந்தால் அதன் மட்டத்தைத் தெளிவாக எழுதுங்கள். 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். மட்டத்தை எழுதாமல் 'என்.வி.கியூ. முடித்தவர்' என்று மட்டும் போட்டால் அதில் பாதி பெறுமதி போய்விடும்.

பெயரின் எழுத்துக்கூட்டு சில்லறை விஷயம்போலத் தெரியும். கஜன் என்ற பெயர் ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழில் 'கே'யில் தொடங்கும், அடையாள அட்டையில் 'ஜி'யில், பேஸ்புக்கில் வேறு ஏதோ ஒரு ஸ்டைலில். தேடுபவருக்கு மூன்று கஜன்கள் கிடைப்பார்கள். கடவுச்சீட்டில் உள்ளதை எடுத்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். இன்னொன்று, எங்களுக்கு அப்பாவின் பெயர் முன்னால் வருவதால் முதற்பெயர் என்ற கட்டத்தில் பலர் அப்பாவின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். விண்ணப்பித்தது மகன், 'அன்புள்ள' என்று பதில் வருவது அப்பாவுக்கு.

உதவி கொடுக்கும் படம். உலர் உணவுப் பொதியை வாங்கும் அம்மாவின் முகம் தெரிய, பக்கத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்பது. சமூக வேலை செய்பவர்கள், ஆசிரியர்கள், ஏன் சில வங்கி அலுவலர்கள்கூட இதைத் தங்கள் பெயரை வளர்க்கும் வழி என்று நினைக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு விசுவமடுவில் சொந்தக்காரர் இருக்கிறார்கள், அவரின் பிள்ளை வகுப்பில் அந்தப் படத்தைப் பார்க்கும். ஊருக்குள் இது எவ்வளவு வெறுக்கப்படுகிறது என்பது படம் போடுபவருக்குத்தான் கடைசியாகத் தெரியவரும். கட்டி முடித்த கிணற்றைப் போடுங்கள், திருத்திய கூரையைப் போடுங்கள். முகம் வேண்டாம்.

கடைசியாக, 'ஓம் ஓம், பார்ப்பம்'. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எங்களுக்கு வராது. நாளைக்கு வாறன் என்று சொல்லி, பிறகு போனை எடுக்காமல் விடுவது எலக்ட்ரீசியன் முதல் பொறியியலாளர் வரை பொதுவான நோய். ஒட்டுசுட்டானில் ஒருவரை ஏமாற்றினால் புதுக்குடியிருப்பில் கதை போய்ச் சேர அரை நாள் போதும், எத்தனை நல்ல பதிவு போட்டாலும் அதை அழிக்க முடியாது. வேலையை எடுக்க வசதியில்லை என்றால் அன்றைக்கே 'இந்த மாதம் ஏலாது அண்ணை' என்று ஒரு மெசேஜ் போட்டு, அதைச் செய்யக்கூடிய இன்னொருவரின் நம்பரையும், அவரிடம் கேட்டுக்கொண்டு, அனுப்பிவிடுங்கள்.