சங்கேதக் குறுக்கெழுத்து: குறிப்பை உடைப்பது எப்படி?

'ராவணனின் தம்பி' என்று கேட்கும் குறுக்கெழுத்துக்குப் பயிற்சி எதுவும் வேண்டாம். தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம். சங்கேதக் குறுக்கெழுத்து வேறு ரகம். அதில் குறிப்பு ஒரு குட்டிக் கதை மாதிரி இருக்கும். கதையை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் எழுத்து எண்ணிக்கை. குறிப்பின் முடிவில் அடைப்புக்குள் இருக்கும் எண், விடை எத்தனை கட்டம் என்பதைச் சொல்கிறது. உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த எழுத்துக்கும் ஒரு கட்டம். 'கொ'வுக்குக் கொம்பும் காலும் இருந்தாலும் கட்டம் ஒன்றுதான். 'பட்டம்' நான்கு கட்டம்.

சரி, ஒரு குறிப்பை எடுத்துக்கொள்வோம்:

அன்புக்குள் யமன் தலைகாட்ட, இலையில் இனிப்பு (4)

படித்ததும் சாவு வீடு, பந்தி என்று மனம் எங்கேயோ போகும். போகவிடாதீர்கள். விடையின் நேர்பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் வராது. ஆகவே வாக்கியத்தை இரண்டாக வெட்டிப் பாருங்கள். இங்கே நேர்பொருள் 'இலையில் இனிப்பு'. மிச்சம் இருப்பது விடையைக் கட்டும் வழி. 'யமன் தலை' என்றால் அந்தச் சொல்லின் முதல் எழுத்து, ய. அன்புக்கு வேறு சொல்? நேசம், பிரியம், பாசம். அதற்'குள்' ய-வை நுழைக்க வேண்டும். பா-ய-ச-ம். பாயசம்!

தலை என்றால் முதல் எழுத்து, வால் என்றால் கடைசி, இடை என்றால் நடு. இந்த மூன்றும் அடிக்கடி வரும்.

அடுத்து, எழுத்துகளைக் கலைத்துப் போடும் வகை:

சரிந்த பாலகம் தந்த மண்டை ஓடு (4)

சரிந்த, உடைந்த, குழம்பிய, சிதறிய என்று எதையாவது கண்டால் உடனே சந்தேகப்படுங்கள். பாலகம் என்ற நான்கு எழுத்துகளையும் ஒரு தாளில் வட்டமாக எழுதிப் பாருங்கள். வரிசையாக எழுதினால் கண் பழைய சொல்லையே பிடித்துக்கொண்டிருக்கும். வட்டத்தில் 'கபாலம்' தானாக எழுந்து வரும்.

திருப்பிப் போடுவது இன்னொன்று. 'ஈசனே, படி திரும்பு (2)' என்பதில் படி மாடிப்படியும் அல்ல, அளக்கும் படியும் அல்ல. வாசி என்ற ஏவல். திருப்பினால் சிவா. இப்படிப் பல பொருள் கொண்ட சொல்லில்தான் புதிர் போடுபவர் ஒளிந்திருப்பார். படி, அடி, மாலை, கல் எல்லாம் அவருக்குச் செல்லப் பிள்ளைகள்.

சில சமயம் விடை கண்முன்னேயே கிடக்கும். 'அன்பு கைவிட்டதில் தெரியும் நெருப்பின் அடையாளம் (2)'. அன்பின் வாலையும் கையின் தலையையும் ஒட்டிப் படியுங்கள்: புகை. எனக்கு இந்த வகைதான் கடைசியில் பிடிபடும், ஒவ்வொரு முறையும் எரிச்சலோடு.

இதெல்லாம் இறக்குமதிச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 'எட்டேகால் லட்சணமே' என்று ஔவை திட்டியதாக ஒரு தனிப்பாடல் உண்டு. தமிழ் எண்களில் எட்டு 'அ', கால் 'வ'. சேர்த்தால் அவலட்சணம். இன்றைக்கும் குறிப்பில் எண் வந்தால் தமிழ் எண்ணாக மாற்றிப் பார்ப்பது நல்லது. பத்து 'ய' என்பதால், மேலே யமனுக்குப் பதில் பத்தைப் போட்டிருந்தாலும் பாயசம் கிடைத்திருக்கும்.

அப்புறம், குறிப்புகளை ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் போட முயல வேண்டாம். எளியதை முதலில் நிரப்புங்கள். குறுக்கே விழும் ஓர் எழுத்து பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டு குறிப்புகள் உங்களுக்கு. இரண்டாவதில் 'வித்தை' என்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், அது மந்திரவாதி செய்வது அல்ல.

மல்லிகைத் தலையோடு வெள்ளைக்கார அதிகாரி வந்த ஊர் (3)

கம்பன் தலையில் வித்தைச் சேர்த்தால் பாட்டு (3)