குளிர்கால மான் வேட்டைக்குக் கம்பளி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல பகுதிகளில் துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பருவம் நவம்பரில் வருகிறது. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நன்றி நவிலல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாட்கள் நடக்கிறது. இருட்டோடு காட்டுக்குள் நடந்து, மரத்தில் கட்டிய பரணில் ஏறி, மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்குப் படிப்படியாக இடமில்லாமல் போனது. எனவே வட அமெரிக்காவில் குடியேறி, பயிற்சி முடித்து, உரிமம் பெற்று முதன்முறையாக வேட்டைக்குப் போகும் தமிழருக்கு இந்தக் குளிரைப் பற்றிச் சொல்லித்தர வீட்டில் பெரியவர்கள் இல்லை. கடையில் சொல்வதை நம்பி வாங்குகிறார். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, கம்பளியைச் சூடு தரும் துணி என்று நினைப்பது. எந்தத் துணியும் சூடு தருவதில்லை. சூட்டை உண்டாக்குவது உடல். கம்பளி இழையின் இயற்கையான சுருள், காற்றைச் சிறு சிறு அறைகளாகப் பிடித்து வைத்து அந்தச் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. அதைவிட முக்கியமான வேலை ஒன்றையும் கம்பளி செய்கிறது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொண்டும், தொட்டால் நனைந்ததாகத் தெரியாமல் இருக்கிறது. குளிர்கால வேட்டையில் ஒருவரை வீழ்த்துவது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் குளிர் அல்ல, அவருடைய சொந்த வியர்வை. கம்பளியைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள எல்லாக் கேள்விகளையும் இந்த வியர்வையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டே நடப்பது

கணக்கு எளியது. 100 மில்லி வியர்வை தோலிலிருந்து ஆவியாவதற்குச் சுமார் 240 கிலோ ஜூல் வெப்பம் தேவை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அப்படியானால் அந்த 100 மில்லியை உலர்த்த, உடல் நாற்பது நிமிடங்களில் உண்டாக்கும் மொத்தச் சூடும் போய்விடும். பனியில் அரை மணி நேரம் முதுகுச்சுமையோடு மேடு ஏறுபவருக்கு 100 மில்லி வியர்ப்பது ஒன்றும் பெரிதல்ல. நடக்கும்போது இதமாக இருந்தவர், பரணில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் பல் கிடுகிடுக்கிறார். கோட்டின் தடிமன் போதவில்லை என்று நினைத்து அடுத்த ஆண்டு இன்னும் தடித்ததை வாங்குகிறார். அதனால் இன்னும் அதிகமாக வியர்க்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். காரிலிருந்து இறங்கும்போதே லேசாகக் குளிர வேண்டும். மெல்லிய மெரினோ (நுண்ணிய இழை தரும் ஓர் ஆட்டினத்தின் கம்பளி) உள்சட்டை, அதன் மேல் நடுத்தரக் கம்பளிச் சட்டை, இவை மட்டும் நடைக்குப் போதும். தடித்த கோட்டைச் சுருட்டி முதுகுப்பையோடு கட்டிக்கொள்ளுங்கள். மெதுவாக நடங்கள். பரணை அடைந்ததும் மூச்சு தணியச் சில நிமிடங்கள் விட்டு, உள்சட்டை நனைந்திருந்தால் பையிலிருக்கும் உலர்ந்த ஒன்றுக்கு மாற்றிவிட்டு, உடல் சில்லிடத் தொடங்கும் முன் கோட்டை அணியுங்கள். கூடுதலாக ஒரு உள்சட்டை கொண்டுபோவதைச் சுமையாகக் கருதாதீர்கள். அந்த நாளின் மிகப் பயனுள்ள பொருள் அதுவாகவே இருக்கலாம்.

சியாட்டிலின் ஃபில்சன் போன்ற நிறுவனங்கள் விற்கும், கெஜத்துக்கு 24 அவுன்ஸ் எடையுள்ள மெக்கினா என்ற தடித்த கம்பளித் துணிக் கோட்டுகள் அருமையானவை, ஆயுளுக்கும் உழைப்பவை. ஆனால் அவை உட்காருபவருக்கான கோட்டுகள், அல்லது மிக மெதுவாக நகர்பவருக்கானவை. காலடித் தடம் பார்த்துப் பல கிலோமீட்டர் நடந்து மானைத் தொடர்பவருக்கு அவ்வளவு எடை தேவையில்லை. எதை வாங்குவது என்பதற்கு முன்னால், நான் நடப்பவரா உட்காருபவரா என்ற கேள்விக்கு விடை வேண்டும்.

உள்ளே பருத்திப் பனியன்

நம்மவர்களிடம் இது ஊறிப்போன பழக்கம். எந்தச் சட்டை போட்டாலும் உள்ளே ஒரு பருத்திப் பனியன். மதுரை வெயிலில் அது வியர்வையை உறிஞ்சி உடலைக் குளிர்விக்கிறது, அங்கே அது சரி. அதே குணம்தான் பனிக்காட்டில் ஆபத்தாகிறது. பருத்தி நனைந்ததும் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளே காற்று நிற்பதற்கு இடமில்லை. தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவது. விலை உயர்ந்த கம்பளிச் சட்டையை அதன் மேல் அணிந்தாலும், வியர்வை அந்தச் சட்டையை எட்டுவதற்கு முன்பே பனியனில் தேங்கிவிடுகிறது. பனியன், உள்காற்சட்டை, காலுறை என்று தோலைத் தொடும் எதிலும் பருத்தி கூடாது.

கம்பளி குத்துகிறதே என்பார்கள். குத்துவது தடித்த இழை. ஏறத்தாழ 30 மைக்ரானை (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டிய இழை முனைகள் வளையாமல் தோலில் அழுந்துவதால்தான் அந்த அரிப்பு. மெரினோ உள்சட்டைகளில் பொதுவாக 17 முதல் 19 மைக்ரான் இழைகள் இருக்கின்றன. அவை வளைந்து கொடுத்துவிடும். சட்டையில் தைத்த விவரச் சீட்டில் மைக்ரான் அளவும், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதும் போட்டிருக்கிறதா பாருங்கள். நடப்பவருக்கு 150 கிராம், உட்காருபவருக்கு 200 முதல் 250 கிராம் என்று எடுத்தால் பெரிதாகத் தவறாது. கலவை விகிதத்தையும் படியுங்கள். 15 அல்லது 20 சதவீதம் நைலான் சேர்ந்திருந்தால் குறையில்லை, முழங்காலிலும் குதிகாலிலும் துணி சீக்கிரம் தேயாமலிருக்க அது உதவும். ‘கம்பளிக் கலவை’ என்று பெரிய எழுத்தில் போட்டு, உள்ளே பாதிக்கு மேல் அக்ரிலிக்கோ பருத்தியோ இருக்கும் சட்டையை விட்டுவிடுங்கள்.

நனைந்தாலும் கதகதப்பு என்ற நம்பிக்கை

இதில் பாதி உண்மை இருக்கிறது. நனைந்த கம்பளி பருத்தியைப் போலத் தொய்ந்துவிடாது, காற்றறைகளில் ஒரு பகுதி தங்கும். ஈரத்தை உறிஞ்சும் வேளையில் இழை சிறிது வெப்பத்தைக்கூட வெளிவிடுகிறது. ஆனால் இழை நிறைந்ததும் அது நின்றுவிடும். சொட்டச் சொட்ட நனைந்த கம்பளி, உலர்ந்த கம்பளிக்கு எந்த வகையிலும் ஈடாகாது. பல மடங்கு கனக்கும், ஒரே இரவில் கூடாரத்துக்குள் உலராது. மழைக்கு மழையங்கி வேண்டும். தளர்வான பின்னலுள்ள ஸ்வெட்டரைக் காற்றும் எளிதாகத் துளைத்துவிடும். திறந்த வயலோரப் பரணில் உட்காருபவர், நெய்த பின் வெந்நீரில் கசக்கி இறுக்கப்பட்ட துணியைத் தேட வேண்டும். ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் லோடன் அப்படிப்பட்டது. காற்றைத் தடுப்பதோடு, கிளையில் உரசினாலும் சரசரக்காது. பரணுக்குக் கீழே மான் நிற்கும்போது நைலான் சட்டைக்கையின் ஒரு உரசல் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

சிவப்புக் கட்டம் ஆரஞ்சு அல்ல

இந்தத் தவறுக்கு விலை உயிராகவும் இருக்கலாம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கறுப்பும் சிவப்புமாகக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டும் காற்சட்டையும் பழைய வேட்டைக்காரர்களின் அடையாளம். 1830-ல் பென்சில்வேனியாவில் தொடங்கிய உல்ரிச் கம்பளி ஆலையின் புகழால் அந்த ஜோடிக்கு ‘பென்சில்வேனியா டக்சீடோ’ என்று செல்லப்பெயரே உண்டு. அழகுதான். ஆனால் வெளிச்சம் மங்கும்போது மனிதக் கண்ணுக்கு முதலில் மறைவது சிவப்பு, அது கறுப்பாகத் தெரியத் தொடங்கும். ஒன்டாரியோவில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை வேட்டை அனுமதிக்கப்படுகிறது. மான் அதிகமாக நடமாடுவதும் அந்த மங்கல் வேளையில்தான். இன்னொரு வேட்டைக்காரரின் குறிக்கண்ணாடிக்குள் நீங்கள் கருப்பு நிழலாகத் தெரியக் கூடாது.

அதனால் துப்பாக்கிப் பருவத்தில் ஒன்டாரியோ, இடுப்புக்கு மேலே எல்லாப் பக்கமும் தெரியும்படி குறைந்தது 400 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சும், தலையில் ஆரஞ்சுத் தொப்பியும் கேட்கிறது. விஸ்கான்சினில் இடுப்புக்கு மேலுள்ள வெளியாடையில் பாதியாவது ஒளிரும் ஆரஞ்சாகவோ, 2016 முதல் அனுமதிக்கப்பட்டுள்ள ஒளிரும் இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டும். உங்கள் மாகாணத்தின் அந்த ஆண்டு விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஆரஞ்சைப் பார்த்து மான் ஓடிவிடும் என்ற பயம் வேண்டாம். சிவப்புப் பக்கத்து நிறங்களைப் பிரித்தறியும் கூம்பணுக்கள் மானின் கண்ணில் இல்லை. கம்பளிக் கோட்டின் மேல் அணிய, சலசலக்கும் மெல்லிய பிளாஸ்டிக் துணியை விட்டுவிட்டு, ஃபிளீஸ் என்ற மென்மயிர்த் துணியில் தைத்த ஆரஞ்சு அங்கியைத் தேர்ந்தெடுக்கலாம்.

அளவு பார்ப்பதிலும் அவசரம் வேண்டாம். எல்லா அடுக்குகளையும் அணிந்து, முழங்கையை மடக்கி, துப்பாக்கியைத் தோளில் பொருத்துவது போலக் கையை உயர்த்திப் பாருங்கள். தோளில் துணி திரண்டால் துப்பாக்கியின் கட்டை சரியாக அமராது. வில் கொண்டு வேட்டையாடுபவருக்குத் தளர்ந்த கைப்பகுதி நாணில் அடிபடும். கனத்த கம்பளிக் காற்சட்டையை இடுப்புவாரால் இறுக்கிக் கட்டுவதைவிடத் தோள்வாரில் தொங்கவிடுவது எவ்வளவோ வசதி. காலணிக்குள் இரண்டு தடித்த காலுறைகளைத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் வேகமாக விறைக்கும். ஒரு தடித்த காலுறையும், விரல்கள் அசைய இடமுள்ள காலணியும் போதும்.

சலவையும் சேமிப்பும்

கம்பளி ஒரு புரதம். கறை நீக்கும் நொதிகள் கலந்த சலவைத் தூள் அதையும் சேர்த்தே அரிக்கும். வெண்மையைக் கூட்டும் சேர்மங்கள் துணியில் தங்கிப் புற ஊதா ஒளியை நீலமாக வெளிவிடும். மானின் கண் கூர்மையாகக் காண்பது அந்த நீலத்தைத்தான். எனவே இவை இரண்டும் இல்லாத, மணமற்ற கம்பளிச் சோப்புத் திரவம், 30 டிகிரிக்கு மேற்படாத நீர், அலசல் மென்மையாக. சூடும் குலுக்கலும் சேர்ந்தால் இழைச் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு துணி சுருங்கும், பிறகு அதை மீட்க முடியாது. மெரினோ நாற்றத்தை எளிதில் வெளிவிடாது என்பதால் ஒவ்வொரு நாளும் துவைக்க அவசியமில்லை, நிழலில் காற்றாட விட்டாலே போதும்.

பருவம் முடிந்ததும் துவைக்காமல் மடித்து வைப்பதும் தவறு. அந்துப்பூச்சியின் புழுக்கள் வியர்வைக் கறை படிந்த இடங்களையே விரும்பித் தின்னும். அந்துருண்டை போடலாமா என்றால், வேட்டை ஆடைக்கு வேண்டாம். அந்த நெடி கம்பளியில் மாதக்கணக்கில் தங்கும், மானின் மூக்குக்குத் தப்பாது. துவைத்து நன்றாக உலர்த்திய ஆடையைக் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் உறைபெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் வையுங்கள். பிறகு இறுக மூடும் பெட்டிக்கு மாற்றிவிட்டு, செப்டம்பரில் ஒருமுறை எடுத்துப் பிரித்து, தையல் ஓரங்களிலும் கழுத்துப்பட்டையின் அடியிலும் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.