வெளிநாட்டில் இங்கிலீஷ் பூல் டேபிள் வாங்குவது எப்படி? முதலில் பாக்கெட் வாயைப் பாருங்கள்

ஏழு சிவப்பு, ஏழு மஞ்சள், ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. பிரிட்டனில் இருந்த நாட்களில் பப்பில் ஆடிப் பழகிய ஆட்டம். நாடு மாறியதும் அது கைவிட்டுப் போயிற்று. போன இடமெல்லாம் பெரிய அமெரிக்க டேபிள், கோடு போட்ட பந்துகள், அகலமான பாக்கெட்டுகள். சரி, வீட்டுக்கே ஒன்று வாங்கிவிடுவோம் என்று இறங்கினேன். முதல் தடவை தப்பான டேபிளை வாங்கி, நஷ்டத்துக்கு விற்றேன். இரண்டாவது தடவை சரியானது கிடைத்தது. அந்த இரண்டாவது தடவை நான் செய்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன். ஆட்டத்தின் விதிகளுக்குள் போகவில்லை. இந்த டேபிளைத் தேடுகிறவருக்கு ஆட்டம் தெரிந்தே இருக்கும்.

படி 1: அறையை அளந்துகொள்ளுங்கள்

நம் ஆட்டத்துக்குப் பொதுவாக 7 அடி டேபிள். இந்த 7 அடி என்பது மரச்சட்டத்தோடு சேர்ந்த வெளி அளவு. பந்து ஓடும் பரப்பு 72 அங்குல நீளம், 36 அங்குல அகலம்தான். அறைக்கணக்கு போடும்போது இந்த உள் அளவை எடுத்து, இரு பக்கமும் ஒவ்வொரு கியூ (பந்தை அடிக்கும் கோல்) நீளம் சேர்க்க வேண்டும். 57 அங்குலக் கியூ என்றால் 186க்கு 150 அங்குலம் வரும். கியூவைப் பின்னால் இழுக்கவும் இடம் வேண்டுமே, அதற்குச் சுற்றிலும் அரையடி விடுங்கள். ஆக, பதினாறரை அடிக்குப் பதின்மூன்றரை அடி. அவ்வளவு இடம் இல்லையென்றால் 6 அடி டேபிளும் உண்டு. ஒரே ஒரு சுவர்தான் இடிக்கிறது என்றால் 48 அங்குலக் குட்டைக் கியூ ஒன்று வைத்துச் சமாளிக்கலாம். நான் இப்போதும் ஜன்னல் பக்கத்துக்கு அப்படித்தான் ஒன்று வைத்திருக்கிறேன்.

படி 2: அது இங்கிலீஷ் டேபிள்தானா என்று உறுதி செய்யுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் டேபிளின் விளம்பரத்தில் "இங்கிலீஷ் ஸ்டைல், 7 அடி, சிவப்பு மஞ்சள் பந்துகளுடன்" என்று இருந்தது. படம் மேலிருந்து எடுத்தது. பச்சைத் துணி, முக்கோணத்தில் அடுக்கிய சிவப்பும் மஞ்சளும். பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது, பணத்தைக் கட்டிவிட்டேன். டேபிள் வந்து முதல் அடியிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மூலைக்கு ஒரு சாண் தள்ளிப் போக வேண்டிய பந்துகூட பாக்கெட்டில் விழுந்தது. குஷனில் (டேபிளின் உள்விளிம்பில் ஓடும் ரப்பரில்) பட்ட பந்தோ துள்ளித் திரும்பாமல், யாரோ தலையில் தட்டி உட்கார வைத்த மாதிரி சோர்ந்து வந்தது. டேப் வைத்து அளந்த பிறகுதான் புரிந்தது. அது முழுக்க முழுக்க அமெரிக்க டேபிள். மேலே வைத்த பந்துகள் மட்டும்தான் இங்கிலீஷ்.

குஷன் ஏன் அப்படிச் சோர்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தத் தவறை நீங்கள் செய்ய மாட்டீர்கள். அமெரிக்கப் பந்தின் விட்டம் இரண்டேகால் அங்குலம், அதாவது 57.15 மில்லிமீட்டர். குஷனின் மூக்கு, அதாவது பந்து வந்து படும் முன்விளிம்பு, அந்தப் பந்தின் விட்டத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடு உயரத்தில் படும்படி வைக்கப்பட்டிருக்கும். நம் பந்து 2 அங்குலம், 50.8 மில்லிமீட்டர். அதே குஷனில் நம் பந்தை உருட்டினால் மூக்கு 71 விழுக்காடு உயரத்தில் போய்ப் படுகிறது. பந்தைத் திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக அது கீழே துணியில் அமுக்குகிறது. எவ்வளவு நல்ல ரப்பர் போட்டாலும் இது சரியாகாது. பந்தை மாற்றினால் இங்கிலீஷ் டேபிள் ஆகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்.

முதல் படம், மூலைப் பாக்கெட்டை மேலிருந்து நெருங்கி எடுத்தது. இங்கிலீஷ் டேபிளில் குஷனின் முனை ஸ்னூக்கர் டேபிளில் இருப்பதுபோல் வளைந்து, உருண்டு பாக்கெட்டுக்குள் இறங்கும். அமெரிக்க டேபிளில் அது கத்தியால் வெட்டியதுபோல் நேராக, கூர்மூலையோடு முடியும். இந்த ஒரு படமே பாதி விளம்பரங்களைக் கழித்துவிடும்.

இரண்டாவது படம், அதே பாக்கெட் வாயில் இரண்டு பந்துகளைப் பக்கம் பக்கமாக வைத்து எடுத்தது. இங்கிலீஷ் பாக்கெட் பொதுவாக மூன்றேகால் முதல் மூன்றரை அங்குல அகலம்தான். இரண்டு 2 அங்குலப் பந்துகள் சேர்ந்தால் 4 அங்குலம், உள்ளே போகாது, தாடையில் முட்டிக்கொண்டு நிற்கும். தாராளமாக உள்ளே போகிறது என்றால் அந்த டேபிளை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது படம், நீளவாக்கில் குஷன் மூக்கிலிருந்து எதிர்க் குஷன் மூக்கு வரை டேப்பை இழுத்துப் பிடித்தது. 72 அங்குலம் வர வேண்டும். 76, 78 என்று வந்தால் அது அமெரிக்க "7 அடி".

இந்த மூன்று படமும் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பேச்சு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் சரி.

இன்னொரு குழப்பமும் உண்டு. சீனாவில் பிரபலமான ஹேபால் டேபிளிலும் குஷன் முனை வளைந்துதான் இருக்கும், பாக்கெட்டும் இறுக்கம். ஆனால் அது 9 அடி டேபிள், பந்துகள் அமெரிக்க அளவு. அருமையான ஆட்டம், மறுக்கவில்லை. நாம் தேடுவது அதுவல்ல. தொழிற்சாலைகளிடம் "இங்கிலீஷ் பாக்கெட்" என்று மட்டும் கேட்டால் இதைத்தான் காட்டுவார்கள். அதனால் பந்தின் அளவையும் சேர்த்தே எழுதிக் கேளுங்கள்.

படி 3: பிரிட்டனிலிருந்து வரவழைக்கும் முன், பக்கத்தில் தேடுங்கள்

இந்த ஆட்டம் பிரிட்டனோடு நிற்கவில்லை. அயர்லாந்து, பிரான்ஸ், மால்டா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பரவியிருக்கிறது. உங்கள் நாட்டிலோ பக்கத்து நாட்டிலோ ஒரு டேபிள் தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. தேடும் சொல்தான் மாறும். பிரான்ஸில் இதை "பியார் ஆங்லே" (billard anglais) என்பார்கள். போட்டி ஆட்டக்காரர்கள் நடுவில் பல நாடுகளில் "பிளாக்பால்" என்ற பெயர் ஓடுகிறது. ஆஸ்திரேலியாவில் "பப் டேபிள்" அல்லது "எய்ட் பால்" என்று தேடுங்கள், ஆனால் படி 2இன் சோதனைகளை அங்கே கட்டாயம் செய்யுங்கள்.

பிராண்ட் பெயரை வைத்தும் தேடலாம். சுப்ரீம் வின்னர் போட்டிகளில் அடிக்கடி பார்க்கும் டேபிள். ஸ்பெயினின் சாம் நிறுவனத்து டேபிள்கள் பப்புகளில் நிறைய உண்டு. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது ஸ்பானிஷ் நிறுவனம் என்பது நல்ல செய்தி, கடல் தாண்டி வரவழைக்க வேண்டிய தேவை இல்லாமல் போகலாம்.

பழைய டேபிள் என்றால் பெரும்பாலும் காசு போட்டு ஆடும் வகையாக இருக்கும். அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். பிரிட்டனின் 1 பவுண்ட் காசு 2017இல் பன்னிரண்டு பக்க வடிவத்துக்கு மாறியது. அதற்கு முந்தைய இயந்திரம் பொருத்திய டேபிள்கள் அங்கே மலிவாகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். நமக்குக் காசு இயந்திரமே வேண்டாம், பந்து எப்போதும் திரும்பி வரும்படி செய்துகொள்ளலாம். ஆனால் சாவிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். சாவி இல்லாமல் வந்தால் உள்ளே மாட்டிய பந்தை எடுக்கப் பூட்டை உடைக்க வேண்டியிருக்கும்.

படி 4: எதில் சமரசம் செய்யலாம், எதில் கூடாது

ஸ்லேட்டில், அதாவது துணிக்கு அடியில் இருக்கும் கல்பலகையில், சமரசம் கூடாது. ஒரே பலகையாக, முக்கால் அங்குலத் தடிமனை ஒட்டி இருக்கட்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை போட்ட டேபிள் ஈரத்தில் உப்பும், வளையும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் பக்கத்தில் போக மாட்டேன்.

துணி கிழிந்திருந்தால் கவலை வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம். இதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. பப்பில் ஆடிய அதே உணர்வு வேண்டும் என்றால் மயிர்ப்புள்ள கம்பளித் துணி. ஸ்ட்ராக்கன், ஹெயின்ஸ்வொர்த் இரண்டும் நல்லவை. காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊர் என்றால் மயிர்ப்பில்லாத வேகத் துணிக்குப் போய்விடுங்கள். கம்பளித் துணி ஈரத்தில் மந்தமாகும், ஒரே திசையில் அடிக்கடி பிரஷ் போடவும் வேண்டும். பந்துக்கு அராமித். பெல்ஜியத்தில் செய்யும் ஃபீனாலிக் பந்துகள், எளிதில் சிராய்ப்பு விழாது. பந்துப்பெட்டி சிறியது, தபாலில் வந்துவிடும். கியூ 8 அல்லது எட்டரை மில்லிமீட்டர் முனையுள்ள சாம்பல்மரக் கியூ. அமெரிக்கக் கியூவின் 13 மில்லிமீட்டர் முனை இந்தச் சின்னப் பந்துக்குத் தடிமன் அதிகம்.

படி 5: கப்பலில் வரவழைப்பது

பக்கத்தில் எதுவும் கிடைக்காவிட்டால்தான் இந்தப் படி. எனக்குக் கிடைக்கவில்லை.

ஸ்லேட் மட்டுமே நூறு கிலோவை ஒட்டி வரும். மரச்சட்டம், கால்கள், பந்து திரும்பும் அமைப்பு எல்லாம் சேர்ந்தால் இருநூறு கிலோவைத் தாண்டும். முழுக் கன்டெய்னர் தேவையில்லை, பலரின் சரக்கோடு சேர்த்து அனுப்பும் பகிர்வு முறை போதும். அதில் கட்டணம் எடையை விட இடத்தைப் பொறுத்துத்தான் ஏறும். கால்களைக் கழற்றி உள்ளேயே வைத்துப் பொதிந்தால் இரண்டு கனமீட்டரை ஒட்டி அடங்கும். கால்களோடு அனுப்பினால் மூன்றை நெருங்கும். இந்த ஒரு வரியை விற்பவருக்கு எழுதிவிடுங்கள், நல்ல தொகை மிஞ்சும்.

விலை கேட்கும்போது "துறைமுகம் வரை எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "என் வீட்டு வாசல் வரை எவ்வளவு, அதில் எது எது சேரவில்லை" என்று கேளுங்கள். சிஐஎஃப் விலை (பொருள், காப்பீடு, கப்பல் கட்டணம் சேர்ந்த விலை) இறங்கு துறைமுகத்தோடு முடிந்துவிடும். அங்கே இறக்குகூலி, கிடங்கு வாடகை, ஆவணக் கட்டணம், கிளியரிங் ஏஜென்ட் கூலி என்று தனியாக வரும். எனக்கு வந்த பில்லில் இந்தப் பகுதி, கப்பல் கட்டணத்தையே தாண்டியிருந்தது. சரக்கு வந்த பிறகு பேரம் பேச முடியாது, கிடங்கு வாடகை நாள் கணக்கில் ஏறும். ஏஜென்ட்டை முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

சுங்கத்தில் இது 9504.20 என்ற தலைப்பின் கீழ் வரும், பில்லியர்ட்ஸ் பொருட்களுக்கான எண். உங்கள் நாட்டு வரி விகிதத்தை இந்த எண்ணை வைத்து முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 20 விழுக்காடு வாட் வரி உண்டு. விற்பவரே ஏற்றுமதி செய்து அதற்கான சான்றையும் வைத்திருந்தால் அந்த வரி இல்லாமல் விற்க முடியும். பணம் கட்டும் முன் இதைப் பேசி, எழுத்தில் வாங்குங்கள்.

மரப்பெட்டியில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்க வேண்டும். கோதுமைக் கதிர் படமும் HT என்ற எழுத்துகளும் இருக்கும், மரத்தைச் சூடேற்றிப் பூச்சி போக்கியதற்கான அடையாளம். அது இல்லாத பெட்டியைப் பல நாடுகளின் துறைமுகங்கள் நிறுத்திவிடும். பெட்டியை மூடும் முன் முத்திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஐந்து நிமிட வேலை, மனசு நிம்மதியாக இருந்தது.

படி 6: நிறுத்தி, மட்டம் பார்ப்பது

தூக்க நான்கு பேர் வேண்டும். மூன்று பேரோடு முயலாதீர்கள். கால்களை மாட்டி நிறுத்தியதும் மட்டப்பலகையை ஸ்லேட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும், நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். போன் ஆப் போதாது, இரண்டடி மட்டப்பலகையாக வாங்குங்கள். கால் திருகுகளைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் எல்லா இடமும் மறுபடி பார்க்க வேண்டும். பிறகு ஒரு பந்தை, எதிர்க் குஷனைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் வேகத்தில் உருட்டிவிடுங்கள். சரிவு இருந்தால் கடைசி ஒரு சாணில்தான் காட்டிக்கொடுக்கும், பந்து நிற்கப்போகும் நேரத்தில் மெல்ல ஒரு பக்கம் சாயும். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், எனக்கு ஒரு கால் இறங்கியிருந்தது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், வந்த டேபிளில் வெள்ளைப் பந்து மற்றவற்றை விடச் சின்னதாக இருக்கிறது, ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டிருந்தார். இல்லை, அது சரியான பந்துதான். காசு போடும் டேபிள்களில் வெள்ளைப் பந்து ஒன்றே முக்கால் அங்குலத்தை விடச் சற்றுப் பெரியது, 47.6 மில்லிமீட்டர். அந்தச் சின்ன அளவை வைத்துத்தான் டேபிள் அதைப் பிரித்து உங்களிடம் திருப்பித் தருகிறது. அதற்குப் பதில் 2 அங்குல வெள்ளைப் பந்தைப் போட்டால் மற்ற பந்துகளோடு உள்ளே போய்விடும். அதனால் புதுப் பந்து வாங்கும்போது, இப்போதிருக்கும் வெள்ளையை முதலில் அளந்துவிட்டு வாங்குங்கள்.