கைப்பேசி உங்களைப் பழைய இடத்திலேயே காட்டுகிறதா? நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்துவிட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. (ஊர் பெயர் 2007-இல் மாறியது, என் மாமியாருக்கு இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) மகளின் பிறந்தநாள் கேக்குக்கு லொகேஷன் அனுப்பினேன். கொண்டுவந்த தம்பி பழைய லயத்துக்குப் போய் நின்றுகொண்டு, "அக்கா, இங்க பூட்டின வீடுதான் இருக்கு" என்கிறார். மேப்பைத் திறந்தால் நீலப் புள்ளி செம்பனைக்கு நடுவே அசையாமல் நிற்கிறது.

ஜிபிஎஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி ஃபோனையே ரீசெட் செய்தேன். படங்கள் போனதுதான் மிச்சம்.

குற்றவாளி ரவுட்டர். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன; அவற்றின் சிக்னல் வீட்டுக்குள் வரும்போது நலிந்துவிடும். அதனால் ஃபோன் அக்கம்பக்கத்து வைஃபை ரவுட்டர்களின் அடையாள எண்களைப் பார்த்து, "இவை முன்பு எங்கே இருந்தன?" என்று கூகுள், ஆப்பிள் வைத்திருக்கும் பட்டியலில் கேட்கும். நாங்களோ லயத்து ரவுட்டரையே கழற்றிக்கொண்டு வந்திருந்தோம். புது வரிசையில் அக்கம்பக்கம் பாதி வீடு காலி. எங்கள் ரவுட்டர் ஒன்றே சாட்சி, அதுவும் பொய்ச்சாட்சி.

பட்டியல் நாளடைவில் தானே திருந்தும். அதுவரை முற்றத்துக்கு வந்து, வானம் தெரியும் இடத்தில் ஒரு நிமிடம் நின்றால் போதும். வைஃபையை அணைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆண்ட்ராய்டில் வைஃபையை அணைத்தாலும் லொகேஷன் செட்டிங்ஸில் 'வைஃபை ஸ்கேனிங்' தனியாக ஓடிக்கொண்டிருக்கலாம். அதையும் நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். பிறகு வீட்டுக்குள் ஃபோனுக்குத் துணை டவர் மட்டும்தான். தோட்டப் பக்கம் டவர்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் புள்ளி எங்கேயாவது போய் உட்காரும்.

அடுத்த தவறு, அவசரப்படுவது. நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் தெரிகிறதே, அந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறீர்கள் என்பதுதான் ஃபோன் சொல்லும் உண்மை. வட்டம் பெரிதாக இருக்கும்போதே அனுப்பினால் வருகிறவர் மரத்தடியில்தான் நிற்பார். வாட்ஸ்அப்பிலும் இத்தனை மீட்டருக்குள் என்று ஒரு எண் காட்டும். அது குறையும்வரை பொறுங்கள். அங்கேயே கீழே வரும் கடை, கோயில் பெயர்களைத் தட்டினால் போவது அந்தக் கடையின் இடம், உங்களுடையது அல்ல. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் செய்வது இதைத்தான்.

ஒரே ஒரு செயலி மட்டும் தப்புக் காட்டினால் அதன் அனுமதியைப் பாருங்கள். ஐஃபோனில் 2020 முதலும், ஆண்ட்ராய்டில் 12-ஆம் பதிப்பு முதலும் துல்லியமான இடம், உத்தேசமான இடம் என்று இரண்டு தேர்வு உண்டு. முதல் முறை கேட்கும்போது யோசிக்காமல் உத்தேசத்தைத் தொட்டிருப்போம். ஆண்ட்ராய்டில் அது சுமார் மூன்று சதுர கிலோமீட்டர் பரப்பைத்தான் சொல்லும். ஒரு தோட்டமே அதற்குள் அடங்கிவிடும்!

பிரவுசரில் ஏதோ இணையதளம் "நீங்கள் கோலாலம்பூரில் இருக்கிறீர்கள்" என்றால் ஃபோனைத் திட்டாதீர்கள். இணைய இணைப்பின் ஐபி எண்ணை வைத்து அது ஊகிக்கிறது. இணைப்பை வேறு இடம் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் போட்டிருந்தால் வேறு நாட்டையே காட்டும். அப்புறம், புள்ளி சரியாக இருந்து அம்புக்குறி மட்டும் திசை மாறினால், காந்தம் வைத்த உறையைக் கழற்றிவிட்டு ஃபோனை எட்டுப் போடுவதுபோலச் சுழற்றுங்கள்.

ஜிபிஎஸ்ஸைக் கூட்டித் தருகிறேன் என்று வரும் செயலிகள் வேண்டவே வேண்டாம். ஆண்டெனாவின் பலத்தை எந்தச் செயலியும் கூட்ட முடியாது, விளம்பரம்தான் கூடும்.

சில சமயம் புள்ளி சரி, தேடிய பெயர்தான் தப்பு. தாமான் பஹாகியா என்ற பெயர் பல ஊர்களில் இருக்கிறது, லயத்து வீடுகளுக்கோ தெருப் பெயரே கிடையாது. நான் இப்போது செயற்கைக்கோள் படத்தில் எங்கள் கூரையைத் தேடிப் பிடித்து, அதன்மேல் விரலை அழுத்தி, அடையாளக் குறியை (pin) வைத்துச் சேமித்து வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் அதைத்தான் அனுப்புகிறேன். போன மாதம் மாமியாரின் மருந்து நேராக வாசலுக்கே வந்தது.