மீன் தொட்டி விளக்குக்குப் பேட்டரி போதுமா?

செடிகள் வளரும் என் மீன் தொட்டியில் 150 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு தினமும் 8 மணி நேரம் எரிந்தது. நாளுக்கு 1.2 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 72 யூனிட்! இதைக் குறைக்கத்தான் பேட்டரியை யோசித்தேன். பேட்டரியை வீட்டு மின்சாரத்திலேயே சார்ஜ் செய்தால் மிச்சமில்லை, இழப்புதான். சோலார் பேனல் வேண்டும்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம்: 900 வாட்-மணி. என் விளக்குக்கு ஒரு நாள்கூட வராது. எனவே முதலில் விளக்கை மாற்றுங்கள். நான் 36 வாட், 12 வோல்ட் எல்இடி பொருத்தினேன். 7 மணி நேரத்துக்கு 252 வாட்-மணி. செடிகள் வாடிவிடுமோ என்று பயந்தேன். கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடி செழிப்பாகவே வளர்கிறது. 100 வாட் பேனல், பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆகாமல் காக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் போதும்; இன்வெர்ட்டர் வேண்டாம்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 10 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். விளக்கு வயர், இணைப்புக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலேறட்டும். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.