அடி வாங்கியதும் ஆளை மாற்று: ரீஜெனரேட்டரை ஓட்டுவது எப்படி

கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் என்னுடையது. வண்டன்மேட்டுப் பக்கம் இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை சும்மாதான். கட்டன்சாயா ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு போனில் போகிமான் ஷோடவுன் ஆடுவேன். ஆளுக்கொரு போகிமான் படையைக் கட்டி, ஒவ்வொன்றாகக் களத்தில் இறக்கிச் சண்டை விடும் இணைய ஆட்டம் அது. எதிராளி அந்தச் சாயாக்கடைப் பையன். ரெண்டு மாசம் அவனிடம் தோற்றுக்கொண்டே இருந்தேன். ரீஜெனரேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அதை ஓட்டத் தெரியாததுதான் காரணம்.

2010இல் வந்த போகிமான் பிளாக், ஒயிட் ஆட்டங்களில் அறிமுகமான எபிலிட்டி, அதாவது போகிமானின் பிறவிக் குணம், இது. இதை வைத்திருக்கும் போகிமான் களத்தை விட்டு வெளியே போகும்போது, அதன் முழு ஹெச்பியில் (உயிர்ப் புள்ளிகளில்) மூன்றில் ஒரு பங்கு ஏறும். வெளியே போகும்போதுதான், உள்ளே வரும்போது இல்லை. களத்திலேயே நின்றால் ஒரு புள்ளிகூட ஏறாது. மயங்கி விழுந்துவிட்டால் அதோடு சரி.

ஹெச்பிக்கு முழுப் பயிற்சி கொடுத்த ஸ்லோப்ரோ என்ற போகிமானுக்கு நூறாம் லெவலில் 394 ஹெச்பி. ஒரு தடவை மாற்றினால் 131 திரும்ப வரும். நான் என்ன செய்தேன் என்றால், ‘இன்னும் ஒரே ஒரு அடி போட்டுட்டு மாத்திக்கலாம்’ என்று அதைச் சாகும்வரை நிறுத்தி வைத்தேன். மெட்டு ஏறும்போது முள் மேலே போகிறதைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டி, ரேடியேட்டர் ஆறட்டும் என்று நிற்பேனே, அந்தப் புத்தி போனில் வரவில்லை. மூன்றில் ஒரு பங்கு போனதும் மாற்றுங்கள். போனது அப்படியே திரும்பி வரும். முழு ஹெச்பியோடு மாற்றினால் ஏற இடமில்லை, வீண்.

இனி முக்கியமான இடம். நீங்கள் மாற்றுகிற அந்தச் சுற்றில் எதிராளி போடும் அடி புதிதாக உள்ளே வருபவன் தலையில்தான் விழும். ஆகவே யாரை எடுக்கிறோம் என்பதைவிட யாரை இறக்குகிறோம் என்பதுதான் ஆட்டம். நான் ஸ்லோப்ரோவையும் அமூங்கஸையும் ஜோடியாக வைத்திருக்கிறேன். ரெண்டுக்கும் ரீஜெனரேட்டர். ஸ்லோப்ரோவுக்குப் புல் வகை அடியும் மின்சார வகை அடியும் ஆகாது. அமூங்கஸ் ரெண்டையும் தாங்கும். அமூங்கஸுக்கு நெருப்பு, பனி, சைக்கிக் (மனோசக்தி) ஆகாது. ஸ்லோப்ரோ மூன்றையும் தாங்கும். பையன் நெருப்பு அடிக்கப் போகிறான் என்று தெரிந்தால் ஸ்லோப்ரோவை இறக்குவேன், புல் என்றால் அமூங்கஸ். ஒவ்வொரு மாற்றலுக்கும் போகிறவன் தேறிக்கொள்வான். இந்த ரெண்டும் தாங்காத பேய், இருள், பறவை அடிகளுக்கு டைரனிடார் என்ற இன்னொரு போகிமான். அது கிளப்புகிற மணற்புயல் நம் ஆட்களையும் சுற்றுக்குப் பதினாறில் ஒரு பங்கு சுரண்டும். பொறுத்துக்கொள்கிறேன்.

“எந்தா அண்ணா, பின்னையும் ஓடிப்போயோ?” என்பான் பையன். ஒரு நாள் தோட்டத்துக்கு வரும் அக்கா ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, வால்ல சங்கு கடிச்சுத் தொங்குது, அது பாட்டுக்கு நிக்குது” என்றார். அதுதான் ஸ்லோப்ரோ, அக்கா.

ஸ்வோர்ட், ஷீல்ட் ஆட்டங்களை ஆடுகிறவர்கள் ஸ்லோப்ரோவுக்கு டெலிபோர்ட் கொடுங்கள், தானே வெளியேறி வேறு ஆளை உள்ளே விடும் மூவ் அது. அந்த மூவ் சுற்றின் கடைசியில்தான் நடக்கும். அடியை ஸ்லோப்ரோவே வாங்கிக்கொண்டு, வெளியேறும்போது 131 ஏற்றிக்கொள்ளும். அடுத்து வருபவன் அடியே படாமல் இறங்குவான்.

ஹெச்பி ஏற்றும் மூவான ஸ்லாக் ஆஃப் வைத்திருந்தாலும் அவசரப்பட்டு அமுக்காதீர்கள். ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களில் அதன் பிபியை, அதாவது எத்தனை தடவை போடலாம் என்ற கணக்கை, 5 ஆகக் குறைத்துவிட்டார்கள், கூட்டினாலும் 8தான். ரீஜெனரேட்டருக்குப் பிபி கணக்கே இல்லை. அடிக்காத மூவ்களைத் தடுக்கும் டான்ட் போட்டும் அதை நிறுத்த முடியாது.

எதிராளி ஸ்டெல்த் ராக் (உள்ளே வருகிறவர்களைக் குத்தும் கற்கள்) போட்டுவிட்டால் கணக்கு மாறும். ஸ்லோப்ரோ ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் 49 போகும், வெளியேறும்போது 131 வரும், லாபம்தான். இதே எபிலிட்டி உள்ள ஹோ-ஓவுக்கு அப்படியில்லை. 416 ஹெச்பியில் பாதி, 208, கல்லிலேயே போய்விடும். திரும்ப வருவது 138. அதற்கு, கல் குத்தாமல் காக்கும் ஹெவி டியூட்டி பூட்ஸ் என்ற பொருள் கட்டாயம்.

விஷம், தீக்காயத்தை ரீஜெனரேட்டர் நீக்காது. அது பிளிஸி என்ற போகிமானுக்கு இருக்கும் நேச்சுரல் க்யூர் எபிலிட்டி செய்கிற வேலை. அதில் ஹெச்பி ஏறாது. ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போகும் டாக்ஸிக் விஷம் மட்டும், மாற்றும்போது ஏறிய கணக்கு பழையபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஷோடவுனில் எபிலிட்டியை டீம் கட்டும்போதே தேர்ந்தெடுக்கலாம். நிஜப் போகிமான் ஆட்டத்தில் ஸ்லோப்ரோ, அமூங்கஸ், டாக்ஸபெக்ஸ் எல்லாவற்றுக்கும் இது எளிதில் அமையாத மறைவான எபிலிட்டி. எபிலிட்டி கேப்ஸ்யூல் என்ற பொருளால் வராது, எபிலிட்டி பேட்ச் என்ற பொருள் வேண்டும். ஸ்கார்லெட், வயலட்டில் ஆறு நட்சத்திர ரெய்டுகளில் (கூட்டுச் சண்டைகளில்) அது எப்போதாவது விழும்.

போன வாரம் பையன் நியூட்ரலைசிங் கேஸ் என்ற எபிலிட்டி உள்ள வீசிங்கை இறக்கிவிட்டான். அது களத்தில் நிற்கும்வரை என் ரெண்டு பேருக்கும் எபிலிட்டியே இல்லை. மாற்றி மாற்றி அடி வாங்கியதுதான் மிச்சம். எபிலிட்டி ஷீல்ட் என்ற பொருளைக் கையில் கொடுத்தால் அந்த வாயு தொடாது. ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு பொருள்தான், ஷீல்டைக் கொடுத்தால் பூட்ஸைக் கழற்றணும். இப்போதைக்கு அமூங்கஸுக்கு ஷீல்ட், ஸ்லோப்ரோவுக்குப் பூட்ஸ் என்று வைத்திருக்கிறேன். நாளைக்கு ஆடிப் பார்க்கணும், தோட்டத்தில் சிக்னல் கிடைத்தால்.